பனியாற்றுக்கு எட்டு நிமிடம் தாமதம்

2024 ஜூன் 22, சனிக்கிழமை, காலை 8 மணி 5 நிமிடம். ஐஸ்லாந்தின் தென்கிழக்குக் கரையில், ஓர் ஆட்டுப் பண்ணையை ஒட்டிய விடுதியின் முன்னறை. வெளியே ஒன்பது டிகிரி. மேகம் இல்லை. நாங்கள் அந்த நாட்டில் இறங்கி ஐந்தாம் நாள். காற்றே இல்லாத முதல் காலை அதுதான். வாசலில் இருந்த கொடி ஈரத்துணி மாதிரி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டி முடித்திருந்தாள். இடது காலுக்கு இரண்டு நிமிடம், வலது காலுக்கு இரண்டரை நிமிடம். ஒன்பதரை மணிக்கு அவள் ஒரு பனியாற்றின் மேல் ஏறி நடக்க வேண்டும். மகன் கார்ச் சாவியோடு நின்றான். பதினொரு வயதுப் பேத்தி ஏற்கெனவே வெளியே போய் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவை மறித்து நின்று, இப்போது புறப்படக் கூடாது என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கு முன்னால் அவள் ஏன் அங்கே வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவள். ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் பனியாறு வரும். கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் மலை, நீலச் சாக்பீஸால் பனி, பழுப்புச் சாக்பீஸால் அது உருட்டிக்கொண்டு வந்து தள்ளும் கல்லும் மண்ணும். மே மாதத்தில் நாற்பத்து மூன்று டிகிரி கொதிக்கும் ஊரில், மின்விசிறி நின்றுபோன வகுப்பில், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவள் பனியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நான் ஒரு தடவை கணக்குப் போட்டேன்: வருடத்துக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு ஐம்பத்தைந்து பேர் என்று வைத்தால் மூவாயிரத்து அறுநூற்று முப்பது பேர். அவ்வளவு பேருக்கும் சொல்லிவிட்டு, ஒரு தடவைகூடப் பனியாற்றைத் தொட்டதில்லை என்பது அவளுக்கு ஒரு குறை. குறை என்று அவள் சொன்னதில்லை. "ஏமாத்து வேலை பார்த்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நான் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பயிர் விளைச்சல் கணக்கு என் வேலை. வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, தூற்றி, எடை போட்டு, அதிலிருந்து தாலுகா முழுவதற்கும் சொல்ல வேண்டும். அதனாலோ என்னவோ, எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடிவதில்லை. எண்ணினால் பயம் குறைகிறது.

இப்போது ஏழு வருடமாக நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறோம். பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மெண்ட். எங்கள் கட்டடத்தைச் சுற்றி வந்தால் அறுநூற்று நாற்பது அடி எடுத்து வைக்க வேண்டும். அவள் காலையில் மூன்று சுற்று, மாலையில் இரண்டு சுற்று நடப்பாள். 2023 குளிர்காலத்தில் அது ஒரு சுற்றாகிவிட்டது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. எலும்பு மருத்துவர் மாற்று அறுவை சிகிச்சை வேண்டும் என்றார். அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, அதற்கு முன்னால் பனியில் நடக்க முடியுமா என்பது. அவர் சிரித்துவிட்டு, முட்டிக்குள் ஒரு ஊசி போடலாம், மூன்று மாதம் தாங்கும், அதற்குள் என்ன ஆசையோ அதை முடித்துக்கொள்ளுங்கள், அறுவைக்குப் பிறகு மேடு பள்ளமெல்லாம் கூடாது என்றார். மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஊசி போட்டார்கள். அதற்கு ஏற்றாற்போல மகன் ஜூன் மூன்றாவது வாரத்தில் ஏற்பாடு செய்தான். மருமகளுக்கு மருந்துக் கம்பெனியில் ஒரு பெரிய வேலை முடிய வேண்டியிருந்தது; அவள் வரவில்லை. எங்கள் இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், விசா வேண்டும். அதற்கு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி இரண்டு தடவை நியூயார்க் போய் வந்தோம். அந்தப் படிகளை எல்லாம் அவள் ஊசிக்கு முன்னால் ஏறினாள்.

அதாவது அவளுக்கு இருந்தது ஒரு வாய்ப்பு. அந்தப் பயணத்தின் மற்ற எல்லாம் எங்களுக்கு. அந்தச் சனிக்கிழமை மட்டும் அவளுக்கு. இது எனக்கும் தெரியும்.

முதல் நான்கு நாள் நன்றாகவே போயின. அந்த நாட்டில் மரமே இல்லை என்று சொல்லலாம். எரிமலை கக்கிய கல் கிடக்கும் வெளி முழுவதும் பாசி படர்ந்து, நனைந்த கம்பளம் மாதிரி இருக்கிறது. அதில் கால் வைக்கக் கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. சாலை ஓரமெல்லாம் ஊதாப் பூச்செடி முழங்கால் உயரத்துக்கு. ஆடுகள் எங்கே பார்த்தாலும் மூன்று மூன்றாக, ஒரு தாய், இரண்டு குட்டி. நான் முதல் நாள் நூற்று எண்பது வரை எண்ணினேன். அருவிகளை எண்ணத் தொடங்கி இருபத்தேழு வந்ததும் பேத்தி, "தாத்தா, ப்ளீஸ் ஸ்டாப்" என்றாள். அதன் பிறகு மனதுக்குள் எண்ணினேன். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்களில் எதிரே வருகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டும். மகன் காத்திருக்கும் ஒவ்வொரு தடவையும் நான் பின்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன்.

சாப்பாடு எங்களுடையதுதான். சின்ன மின்சார குக்கர், ஆறு கிலோ அரிசி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி. தயிருக்கு அங்கே ஸ்கிர் என்று ஒன்று கெட்டியாகக் கிடைக்கிறது. அதில் கொஞ்சம் பால் விட்டுக் கரைத்துச் சோற்றில் பிசைந்தால் நம் தயிர்சாதத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அருவிக்கு எதிரே காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். குழாயில் சுடுதண்ணீர் முட்டை நாற்றம் நாறியது. மனைவிதான் அது கந்தகம், பூமிக்கு அடியிலிருந்தே சூடாக வருகிறது என்று பேத்திக்கு விளக்கினாள். விளக்கிக்கொண்டே வந்தாள், நான்கு நாளும். தமிழில் அவள் சொல்வாள், ஆங்கிலத்தில் பேத்தி கேள்வி கேட்பாள், மறுபடி தமிழில் பதில் போகும். முன் இருக்கையில் மகன் சிரித்துக்கொண்டு ஓட்டுவான். அவள் அவ்வளவு பேசி நான் பல வருடமாகப் பார்க்கவில்லை.

இருட்டவே இல்லை. அதுதான் எனக்குச் சரிப்படவில்லை. அறையில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டாலும் ஓரத்தில் வெளிச்சக்கோடு இருந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை சாப்பிட்ட பிறகு, மறுநாள் நடையைப் பற்றிய குறிப்பை மகன் கைப்பேசியில் காட்டினான். காலில் இரும்பு முள் கட்ட வேண்டும், கையில் பனிக்கோடாலி, தலையில் கவசம். பிளவுகள் இருக்கும், வழிகாட்டியின் பின்னாலேயே வர வேண்டும். கடைசியில், விபத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு எழுபது வயது, தேய்ந்த முட்டி, ஊசியால் நிற்கிற கால். நான் வருவதாக இல்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு.

மகன் யோசித்துத்தான் செய்திருந்தான். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை என்பது அவனுக்குத் தெரியும், என்னோடு வளர்ந்தவன். "எட்டரைக்குக் கெளம்பறோம்பா, ஒன்பதுக்கு முன்னாடி. உங்களுக்காகத்தான் அந்த ஸ்லாட்" என்றான். நான் தலையை ஆட்டினேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மணி எட்டரை. சூரியன் வேலூரில் மாலை ஐந்து மணிக்கு நிற்கிற உயரத்தில் நின்றது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

ஒன்பதிலிருந்து பத்தரை என்பது காலண்டர்க் கணக்கு. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்து, பன்னிரண்டு மணி நேரத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பாகம் ஒன்றரை மணி. சனிக்கிழமைக்கு மூன்றாவது பாகம். ஆனால் இங்கே உதயம் ஆறு மணிக்கா? கைப்பேசியில் பார்த்தேன். உதயம் 2.47. அஸ்தமனம் 23.27. பகல் இருபது மணி நாற்பது நிமிடம். எட்டால் வகுத்தால் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். மூன்றாவது பாகம் 7.57-க்குத் தொடங்கி 10.32-க்கு முடிகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

முந்தைய நாட்களில் நான் இதைப் பார்க்கவே இல்லை. காலையில் அவர்கள் கூப்பிட்டபோது ஏறிக் காரில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மட்டும் ஏன் பார்த்தேன் என்று இப்போது கேட்டுக்கொண்டால், பதில் சுலபம். எனக்குப் பயம். பயம் என்று சொல்ல எனக்கு வராது. எண் கிடைத்தால் சொல்லிவிடுவேன்.

7.57-க்குள் புறப்பட்டுவிட வேண்டும் என்று மகனிடம் மாலையே சொன்னேன். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சரி சரி என்றான். காலையில் அவள் ஐந்தரைக்கே எழுந்துவிட்டாள். குளித்து, முட்டிக்கு உறை மாட்டி, அதன் மேல் இரண்டு அடுக்கு கால்சட்டை. பேத்திக்குத் தலை பின்னிவிட்டாள். எல்லோருக்கும் தோசை மாதிரி ஒன்று செய்தாள். நான் 7.40-லிருந்து மணி சொல்லிக்கொண்டே இருந்தேன். ஷூ கட்டி முடிக்கும்போது 8.05.

எட்டு நிமிடம். கதவருகே நின்று நான் கணக்கைச் சொன்னேன். உதயம், அஸ்தமனம், வகுத்தல் எல்லாம். பத்து முப்பத்திரண்டுக்குப் பிறகுதான் புறப்பட வேண்டும் என்றேன்.

மகன் முதலில் சிரித்தான். "அப்பா, ஒன்பதரைக்கு அங்க நிக்கணும். கேட்டை மூடிடுவாங்க. விளையாடாதீங்க."

விளையாடவில்லை என்றேன். அம்மா ஐஸில் நடக்கப் போகிறாள், சாதாரணமாகக் கடைக்குப் போகவில்லை என்றேன்.

மனைவி பெஞ்சிலிருந்தே என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வகுப்பில் ஒரு பெண் தவறான பதில் சொன்னால் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள். "சரி, இங்க டிசம்பர்ல பகல் நாலு மணி நேரந்தான். அப்போ ராகு காலம் அரை மணி நேரமா?"

ஆமாம் என்றேன்.

"இன்னும் வடக்கே போனா ரெண்டு மாசம் சூரியன் மறையவே மறையாது. அங்க ராகு எங்கங்க போய் உட்காருவாரு?"

மகன் மறுபடி சிரித்தான். அதற்குள் பேத்தி உள்ளே வந்திருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, அவளும் சிரித்தாள். விடுதிக்காரப் பெண் காபி ஊற்றிக்கொண்டிருந்தவள், எங்கள் மொழி தெரியாவிட்டாலும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று புன்னகைத்தாள். சிரித்தவர்கள் மூன்று பேர்.

மகன், "நீங்க ரூம்லயே இருங்கப்பா, நாங்க மூணு பேரும் போய்ட்டு வந்துடறோம்" என்றான். அதுவும் சரியான யோசனைதான். மனைவி பெஞ்சில் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்து, பையைத் தோளில் மாட்டி, என்னைத் தாண்டி வெளியே இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

அப்போது நான் சொன்னேன். "போ. போய் அந்த ஐஸ்ல விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டு வா. அப்புறம் என்னைச் சொல்லாத."

எங்கள் வீடுகளில் புறப்படும்போது 'எங்கே போகிறாய்' என்றுகூடக் கேட்க மாட்டோம். போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்கிறவர்கள். யாராவது தும்மினால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுவோம். ஐம்பது வருடத்தில் நான் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், வாசற்படியில் வைத்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.  பேத்திக்கு அந்தத் தமிழ் முழுவதும் புரிந்துவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, குனிந்து, வலது ஷூவின் நாடாவை அவிழ்த்தாள்.

"அம்மா, வா. அவர் கெடக்கறாரு. வா போலாம்" என்றான் மகன்.

"இல்லப்பா. பத்தரைக்கே போலாம். அடுத்த நேரம் இருக்கான்னு கேளு."

அவன் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். ஒன்பதரைக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். மத்தியானம் இரண்டரை மணிக்குப் போகிற நடையில் மூன்று இடம் இருக்கிறது, அதற்கு மறுபடி கட்ட வேண்டும். கட்டிவிட்டான்.  அதன் பிறகு இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் நான்கு பேரும் அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். கொடி அசையவே இல்லை. அவள் ஜன்னல் வழியே வடக்கே இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

10.33-க்கு மகன் காரைக் கிளப்பினான். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். 11.20-க்குப் போய்ச் சேர்ந்தோம். பனியாறு கார் நிறுத்துமிடத்திலிருந்தே தெரிகிறது. மலை இடுக்கில் இருந்து வழிந்து, கீழே வர வர அழுக்காகி, நுனியில் சாம்பல் நிறமாக ஒரு குளத்தில் முடிகிறது. இரண்டு பக்கமும் அது தள்ளிவிட்ட கற்குவியல், வரப்பு போட்ட மாதிரி. "மொரைன், பாரு" என்று பேத்தியிடம் சொன்னாள். அவள் கரும்பலகையில் பழுப்புச் சாக்பீஸால் போட்டது. அதைச் சொல்லும்போது குரலில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒன்பதரை மணிக் கூட்டம் இறங்கி வந்தது. எண்ணினேன். பதினான்கு பேர், வழிகாட்டி தனி. எங்கள் மூன்று பேர் போயிருந்தால் பதினேழு. பதினான்கு பேரும் நடந்து வந்தார்கள், யாரும் நொண்டவில்லை. அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தலை முழுக்க நரைத்தவள், எங்களுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து காலிலிருந்து இரும்பு முள்ளைக் கழற்றினாள். என் மனைவி தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அவளோடு பேச்சுக் கொடுத்து, அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். எத்தனை முள் என்று எண்ணினாளோ, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அந்த அம்மாளுக்கு எழுபத்தாறு வயதாம். கஷ்டமாக இருந்ததா என்று என் மனைவி கேட்டாள். இல்லை, மெதுவாகத்தான் கூட்டிப்போகிறார்கள், மேலே காற்றே இல்லை, இப்படி ஒரு நாள் கிடைக்காது என்றாள் அவள்.

ஒரு மணிக்குக் காற்று எழுந்தது. முதலில் குளத்துத் தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. பிறகு கார்கள் ஆடின. ஒன்றே முக்காலுக்கு ஓர் இளைஞன் அலுவலகக் கூடாரத்திலிருந்து வந்து, இரண்டரை நடை இல்லை, மாலை நடையும் இல்லை, பணம் திரும்ப வந்துவிடும், நாளைக்கு வாருங்கள் என்றான். நாளைக்கு எங்களுக்கு விமானம். மகன் அவனோடு கொஞ்ச நேரம் பேசினான். அவன் வருத்தப்படும் விதமாகத் தலையாட்டினான். காற்று என்ன செய்யும்.

காரிலேயே ஸ்கிர் சாதம் சாப்பிட்டோம். எல்லோருக்கும் அவளே பிசைந்து கொடுத்தாள், எனக்கும். ஊறுகாய் வைத்தாள். மகனும் பேத்தியும் குளத்தங்கரை வரை போய் வருவதாக, ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு, காற்றில் சாய்ந்தபடி நடந்தார்கள். கரடுமுரடான கல்வழி. அந்தக் காற்றில் அவளால் முடியாது; அவளும் கேட்கவில்லை. காரில் நாங்கள் இருவர் மட்டும் முப்பத்தைந்து நிமிடம். மன்னித்துக்கொள் என்று சொல்ல அதைவிட நல்ல இடமும் நேரமும் கிடையாது. காற்றின் வேகம் எவ்வளவு இருக்கும் என்று நான் சொன்னேன். அவள், "இருக்கும்" என்றாள்.

பேத்தி கரையில் ஒதுங்கிய ஒரு துண்டுப் பனியைக் கையுறையில் வைத்துக் கொண்டுவந்தாள். "பாட்டி, ஃபார் யூ. இட்ஸ் ஃப்ரம் த க்ளேஸியர்" என்றாள். "ஐஸ் நம்ம ஃப்ரிட்ஜ்லயும் இருக்கு கண்ணு" என்று சிரித்துவிட்டு, பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டாள். வெறுங்கையில் வைத்திருந்தாள். கண்ணாடி மாதிரி இருக்கிறது பார், உள்ளே காற்றுக் குமிழியே இல்லை, அவ்வளவு அழுத்தம் என்று சொல்லிக்கொடுத்தாள். விரல் சிவந்த பிறகு கதவைத் திறந்து கீழே போட்டாள்.

மறுநாள் ஞாயிறு. முந்நூற்று எழுபது கிலோமீட்டர் திரும்பி ஓட்டி விமான நிலையம். விமானம் புறப்பட்டது ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை, சாதாரணக் காலண்டரிலேயே அது ராகு காலம். அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வேறு யாரும் திறக்கவில்லை. ஆறு மணி நேரம் மகன் என்னோடு பேசவில்லை.

பனியாற்று நடைக்கு வீணாய்ப் போன தொகை எவ்வளவு என்று ஊர் வந்து அவனிடம் கேட்டேன். விடுங்கப்பா என்றான். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை சொன்னான்: ஆளுக்கு நூற்று இருபத்தொன்பது, மூன்று பேருக்கு முந்நூற்று எண்பத்தேழு டாலர். காசோலை எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்று மறுப்பான் என்று நினைத்தேன், எப்போதும் மறுப்பவன். வாங்கி, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போய்விட்டான்.

அக்டோபரில் வலது முட்டி, பிப்ரவரியில் இடது முட்டி. பிசியோதெரபிக்கு வருகிற பெண் முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று ஒவ்வொரு தடவையும் அளப்பாள். நான் நோட்டில் எழுதுவேன். எழுபத்தெட்டு, தொண்ணூறு, நூற்றிரண்டு, நூற்றுப் பதினான்கு. அதற்கு மேல் போகவில்லை. இப்போது கைத்தடியோடு கட்டடத்தை ஒரு சுற்று வருகிறாள். கூட நடக்கிற பெண்கள் ஐஸ்லாந்து எப்படி என்று கேட்பார்கள். அருவி, ஆடு, ஸ்கிர், இருட்டாத ராத்திரி எல்லாம் சொல்வாள். ஒருத்தி, "க்ளேஸியர் மேல நடக்கணும்னு சொல்லிட்டிருந்தீங்களே ஆன்ட்டி?" என்று கேட்டதை நான் பின்னால் வந்துகொண்டே கேட்டேன். "போனோம்மா. அன்னைக்குக் காத்து ஜாஸ்தி" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி என்னை மறைத்துவிட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு மாதம் ஒரு தடவை மகன் கூட்டிப்போவான். அங்கே ஒரு அர்ச்சகர் கொஞ்சம் பேசக்கூடியவர். ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, யாருக்கோ வந்த சந்தேகம் போல, வட தேசத்தில் இருபது மணி நேரப் பகலில் ராகு காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டேன். உதயத்திலிருந்து எட்டாகப் பிரிப்பதுதான் முறை என்றார். என் கணக்குச் சரி. ஒரு நிமிடம் மனம் லேசாயிற்று. எதற்குப் புறப்படும்போது என்று அவர் கேட்டார். ஊர் சுற்றப் போன இடத்தில், விடுதியிலிருந்து புறப்படும்போது என்றேன்.

"வீட்லேர்ந்து கிளம்பினப்போ நல்ல நேரம்தானே சார்?"

ஆமாம் என்றேன். திங்கட்கிழமை சாயங்காலம், எல்லாம் பார்த்துத்தான்.

"அப்புறம் என்ன? யாத்திரை அப்பவே ஆரம்பிச்சாச்சு. நடுவுல தங்கற எடத்துலயெல்லாம் தினமும் ராகு காலம் பார்த்தா, அந்தக் காலத்துல யாரும் காசிக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டா." சிரித்துக்கொண்டே தீர்த்தம் கொடுத்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது முன் இருக்கையில் அவளும் மகனும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரம் நினைத்தேன். சொல்வதற்குப் பதிலாக டிக்கெட் வாங்கினேன்.

யாரையும் கேட்கவில்லை. மகன் ஆபீசிலும் பேத்தி பள்ளிக்கூடத்திலும் இருந்த ஒரு காலையில், நானே கணினியில் உட்கார்ந்து, நியூவார்க்கிலிருந்து ஐஸ்லாந்துக்கு அடுத்த ஜூனில் இரண்டு பேருக்கு. மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடித்தது. பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட் ஒன்று இருந்தது, கிடைக்காத டிக்கெட் ஒன்று இருந்தது. கிடைக்காதது ஆளுக்கு எழுபது டாலர் குறைவு. அதையே வாங்கினேன். இந்தத் தடவை நானும் முள் கட்டிக்கொண்டு கூடவே ஏறுவது என்று தீர்மானம். எழுபத்தைந்து வயது, எனக்கு முட்டியில் கோளாறு இல்லை.

டிக்கெட்டை அச்செடுத்து, மத்தியானம் சாப்பிட்ட பிறகு மேசையில் அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தாள். பின்பக்கம் காலிதான், அதையும் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

இல்லை.

"மேடு பள்ளம் கூடாதுன்னு அவர் சொன்னப்போ நீங்களுந்தானே பக்கத்துல இருந்தீங்க?"

இருந்தேன். அப்போதுதான் அர்ச்சகர் சொன்னதைச் சொன்னேன். யாத்திரை தொடங்கிவிட்டால் நடுவில் பார்க்கத் தேவையில்லையாம், எனக்குத் தெரியாமல் போயிற்று என்றேன். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை தப்பு என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அதைச் சொல்ல.

அவள் தாளை மேசையில் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் தடவினாள்.

"நான் ராகு காலத்துக்காக உட்காரலைங்க. நீங்க சொன்ன வார்த்தைக்கும் உட்காரல. பசங்க முன்னாடி அதுக்கு பதில் சொல்லிட்டுப் போயிருப்பேன். திரும்பிப் பார்த்தா, கதவப் பிடிச்ச உங்க கை அப்படி நடுங்குது. இந்த மனுஷனை இப்படி விட்டுட்டுப் போனா நாலு மணி நேரம் என்ன ஆவாருன்னு தோணுச்சு. அதான் உட்கார்ந்தேன்." தாளை என் பக்கம் தள்ளி, "மத்தியானம் போலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள காத்து வந்துடுச்சு" என்றாள்.

என் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. அன்றைக்கு எத்தனையோ எண்ணினேன், அதைப் பார்க்கவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம் நீங்க. சொல்லியிருந்தா, கீழயே நில்லுங்க, மேலேர்ந்து கை காட்டறேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்" என்றாள். பிறகு தடியை ஊன்றி எழுந்து, தட்டுகளை எடுக்கப் போனாள். நான் எடுக்கிறேன் என்றேன். சரி என்று விட்டுவிட்டாள்.

சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கேட்டாள், கேன்சல் பண்ணிடுங்க, பணம் திரும்ப வருமா என்று. வராது என்றேன். எவ்வளவு என்றாள். ஆளுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு, இரண்டு பேருக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு. மகனுக்கு எழுதிக் கொடுத்த முந்நூற்று எண்பத்தேழையும் சேர்த்தால் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்து மூன்று டாலர்.